பணியில் சேர்ந்த வழி

எனக்குப் பாடம் நடத்த வராது. பதினோரு வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன், போட்டித் தேர்வில் மூன்றாவது இடம் வாங்கி வேலைக்கு வந்தவள், இருந்தும் வராது. இதை வெளியே சொன்னால் "அடக்கமா பேசறீங்க டீச்சர்" என்கிறார்கள். அடக்கமாவது, மண்ணாங்கட்டியாவது! நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் வகுப்பு கொட்டாவி விடும். வகுப்புப் பக்கம் திரும்பினால் நான் புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொள்வேன். கணக்கு என் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. அங்கிருந்து இன்னொரு தலைக்குப் போக வழி தெரியாமல் அங்கேயே கிடக்கிறது.

பரீட்சை எழுத மட்டும் நன்றாக வரும். அதற்கும் நான் காரணமில்லை. என்னைத் தயார் செய்தவர் என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் வேலை கிடையாது. ஒற்றை அறை வீட்டில் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தோம். படித்தோம் என்றா சொன்னேன்? அவர் சொல்லிக்கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். கல்லூரியில் எனக்குப் புரியாமல் போனதெல்லாம் அவர் அரிசி களைந்துகொண்டே சொல்லும்போது புரிந்தது. ஒரே நாளில், ஒரே கூடத்தில், எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து அவரும் அந்தத் தேர்வை எழுதினார். மூன்று மணி நேரம், நூற்றைம்பது கேள்வி. வெளியே வந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பத்திரண்டாவது கேள்வி பாத்தியா? குடுத்திருக்கிற நாலு விடையுமே தப்பு! பின்பக்கம் போட்டு நிரூபிச்சுட்டேன்."

"அதுக்கு எவ்வளவு நேரமாச்சு உங்களுக்கு?"

"நாப்பது நிமிஷம் இருக்கும். ஆனா அழகான கேள்வி."

நான் அந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன். எனக்கு மூன்றாவது இடம். அவருக்கு இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. பிறகும் இரண்டு தடவை எழுதினார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கேள்வி அவரைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டது. அப்புறம் வயது வரம்பு தாண்டிவிட்டது. தெரியாததைத் தாண்டிப் போகிறவர்களுக்காக வைத்த பரீட்சை அது. தெரியாத இடத்தில் நின்று பார்க்கிற ஆள்தான் வகுப்புக்கு வேண்டும். ஆனால் வகுப்புக்கு ஆள் எடுப்பது என்னவோ அந்தப் பரீட்சையை வைத்துத்தான். என் மாமியார் இதையே சுருக்கமாகச் சொல்வார். "ஏணி என் மகன். ஏறினது மருமக." என் காதில் விழும்படிதான் சொல்வார்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் எங்கள் பள்ளிக்கே அவரும் வந்தார், தற்காலிக ஆசிரியராக. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஒரு தாள் வரும். வந்தால் அடுத்த வருடம் வேலை உண்டு. அப்படி ஒன்பது தாள் வந்தாயிற்று. ஒன்பது வருடத் தற்காலிகம்! பிள்ளைகள் அவருக்குக் 'கோடு சார்' என்று பெயர் வைத்தார்கள். வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுப்பார், ஸ்கேல் இல்லாமல், நூல் பிடித்த மாதிரி. இடது பாதி அவருக்கு. வலது பாதி பிள்ளைகளின் தப்புகளுக்கு. யார் வேண்டுமானாலும் போய்த் தப்பாகப் போடலாம். மணி அடிக்கும்வரை அதை யாரும் அழிக்கக் கூடாது. அது ஏன் தப்பு என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறவரைக்கும் பாடம் நகராது. "தப்பா போட்டாலும் பரவால்ல, போடு" என்பதுதான் அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை.

ஆறு வருடத்துக்கு முன்னால் பத்து பி என்னிடம் இருந்தது. பொதுத் தேர்வு எழுதுகிற வகுப்பு. நாற்பது பேரில் பதினேழு பேர்தான் கணக்கில் தேறினார்கள். தலைமையாசிரியர் என்னைத் திட்டவில்லை. அவர் யாரையும் திட்ட மாட்டார், கெஞ்சுவார்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரர் நடத்துறதை வராந்தாவில நின்னு கேட்டேன். இந்த வயசுல எனக்கே கணக்கு மேல ஆசை வந்துடுச்சு. பத்து பி-யை அவர்கிட்ட விட்டுடலாமா?"

"தற்காலிக ஆசிரியருக்குப் பத்தாம் வகுப்பு குடுக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கே சார்."

"பேப்பர்ல உங்க பேரே இருக்கட்டும். அவர் பேர்ல இருக்கிற எட்டு டி-க்கு நீங்க போங்க. ரெண்டு பேரும் ஒரே வீடுதானே? வீட்டுக்குள்ளயே பாத்திரத்தை மாத்தி வெச்ச மாதிரி. யாருக்கு நஷ்டம்?"

அப்படித்தான் எங்கள் பள்ளிக்கு இரண்டு கால அட்டவணை வந்தது. ஒன்று தலைமையாசிரியர் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், முத்திரையோடு இருக்கும். இன்னொன்று ஆசிரியர் அறை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலில் இருக்கும். சுவரில் இருப்பது அதிகாரிகளுக்கு. பள்ளி நடப்பது அலமாரியில் இருப்பதன்படி. இரண்டையும் போட்டுக் கொடுத்தவள் நான். இந்த மாதிரி வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதிவேடு, பட்டியல், புள்ளிவிவரம் என்று தலைமையாசிரியரின் எழுத்து வேலையில் பாதி என் மேசைக்கு வந்துவிட்டது. அதைச் சாக்கு வைத்து எட்டு டி-க்குப் போகாத நாட்களே அதிகம். போன நாட்களிலும் புத்தகத்தை வரி வரியாகப் படித்துவிட்டு வந்தேன். பத்து பி-யின் பதிவேட்டில் என் கையெழுத்து, எட்டு டி-யின் பதிவேட்டில் அவர் கையெழுத்து. ஆறு வருடம் இப்படியே ஓடியது. பத்து பி-யில் முப்பத்தெட்டுக்குக் குறைந்து தேறியதே இல்லை. எல்லாருக்கும் நல்லதுதானே என்று நினைத்தோம். எட்டு டி-யில் வருடா வருடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன பிள்ளைகளை அந்த 'எல்லாரில்' யாரும் சேர்க்கவில்லை. நானும்தான் சேர்க்கவில்லை.

இந்த வருடம் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு மேலிடத்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ஓர் ஆசிரியர் எந்த வழியில் வேலைக்கு வந்தார், அதற்கும் அவர் வகுப்பில் நடத்தும் லட்சணத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறார்களாம். முதலில் ஒரு படிவம் வந்தது. பெயர், பாடம், வகுப்பு, மூன்று வருடத் தேர்ச்சி, கடைசியில் 'பணியில் சேர்ந்த வழி' என்று ஒரு கட்டம். போட்டித் தேர்வு என்றால் ஒன்று. வாரிசு நியமனம் என்றால் இரண்டு. தற்காலிகம் என்றால் மூன்று.

அதை நிரப்பியதும் நான்தான், வேறு யார்? சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்து நிரப்பினேன். என் பெயருக்கு நேராக ஒன்று, பத்து பி, தேறியவர்கள் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. அவர் பெயருக்கு நேராக மூன்று, எட்டு டி, சராசரி மதிப்பெண் நூற்றுக்குப் பத்தொன்பது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்தப் பத்தொன்பதை எழுதும்போது பேனா ஒரு நிமிடம் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். வழக்கமாக வருகிற காகிதம்தானே, எந்த ஆபீசில் எந்த மூட்டைக்குள் போய்த் தூங்கப் போகிறதோ என்று நினைத்துக்கொண்டு முத்திரை குத்தி அனுப்பினேன்.

அடுத்த வாரமே நேரில் பார்க்க ஆள் வருகிறது என்றார்கள். தலைமையாசிரியர் முதல் நாள் மாலை எல்லாரையும் கூப்பிட்டார்.

"நாளைக்கு எல்லாரும் சுவர்ல இருக்கிறபடி போயிடுங்க. எப்பவும் போலத்தான். பதிவேட்டைப் பாப்பாங்க, டீ குடிப்பாங்க, போயிடுவாங்க."

எப்பவும் அப்படித்தான். அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் இருந்தோம். ஆனால் வந்தது ஓர் இளம்பெண். தோளில் துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு. பதிவேட்டைத் தொடவில்லை. டீ ஆறிப் போயிற்று. நேராகப் பத்து பி-க்கு வந்து கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஒரு மதிப்பெண் தாள் வைத்திருந்தாள், மொத்தம் ஐம்பது.

சுவரின்படி அது என் வகுப்பு. சாக்பீஸை எடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முன் பெஞ்சில் ஒரு பெண் உண்டு, எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் அவளை எல்லாரும் 'வக்கீல்' என்பார்கள். அவள் எழுந்தாள்.

"டீச்சர், கோடு நான் போடட்டுமா?"

"போடு" என்றேன். உயிர் வந்தது எனக்கு.

அவள் கோட்டை இழுத்தாள். அவளே வலது பாதியில் ஒரு இருபடிச் சமன்பாட்டை வேண்டுமென்றே தப்பாகப் போட்டுவிட்டு, "எங்கே தப்புன்னு சொல்லுங்கடா பாக்கலாம்" என்றாள். பத்து கை உயர்ந்தது. ஒருவன் ஓடி வந்து திருத்தினான், அவன் திருத்தியதில் இன்னொருத்தி தப்புக் கண்டுபிடித்தாள், இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், மொத்த வகுப்பும் தீர்ப்புச் சொன்னது. நாற்பது நிமிடமும் வகுப்பைப் பிள்ளைகள் நடத்தினார்கள். நான் ஓரமாக நின்று மூன்று தடவை "சரி, அடுத்து யாரு?" என்றேன். அவ்வளவுதான் என் பங்கு. ஆய்வுக்கு வந்த பெண் எனக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு போட்டாள். 'மாணவர்களை முன்னே விட்டுத் தான் பின்னே நிற்கும் ஆசிரியர்' என்று கீழே எழுதியிருந்தாள். பின்னால் மறித்து ஒரு சுவர் இல்லாதிருந்தால் இன்னும் பின்னே போயிருப்பேன் தாயே!

அடுத்த மணிக்கு அவள் எட்டு டி-க்குப் போனாள். சுவரின்படி அது என் வீட்டுக்காரருடைய வகுப்பு. உள்ளே இருந்த பிள்ளைகளை இவர் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார். நான் மனசு கேட்காமல் வராந்தாவில் தூணோரமாக நின்றேன்.

இவரும் கோடு போட்டார். "அரையும் மூணுல ஒண்ணும் சேந்தா எவ்வளவு?" என்று ஒரு பையனைக் கேட்டார். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

"அஞ்சுல ரெண்டு சார்" என்றான் அவன். மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டிவிட்டான்.

வேறு யாராக இருந்தாலும், பின்னால் அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது, "உக்காரு" என்று சொல்லிவிட்டு எட்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவியிருப்பார்கள். நான் தாவியிருப்பேன். இவர் அந்த 'அஞ்சில் ரெண்டை' வலது பாதியில் பெரிதாக எழுதிவிட்டு அங்கேயே நின்றார்.

"சரி. அரை பெருசா, அஞ்சுல ரெண்டு பெருசா?"

மூச்சு இல்லை. பத்து பி பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு தெரியும். இவர்களுக்கு என்ன தெரியும்? தப்பாகச் சொன்னால் திட்டு விழும் என்று மட்டும் தெரியும், அதைக் கற்றுக்கொடுத்தவள் நான். இவர் ஒருத்தியைப் பார்த்துக் கை நீட்டினார்.

"நீ சொல்லும்மா... உன் பேரென்ன?"

கடைசி பெஞ்சில் ஆய்வுக்காரப் பெண் தலை நிமிர்ந்தாள், பேனாவை எடுத்தாள். இவர் கவனிக்கவே இல்லை. அடுத்த பிள்ளையிடமும் "உன் பேரு?" என்றார், அதற்கடுத்த பிள்ளையிடமும். பத்து பி-யில் நாற்பது பேருடைய பெயரும், வீடும், யாருக்கு எந்த வாய்ப்பாட்டில் தகராறு என்பதும் அவருக்கு அத்துப்படி. இங்கே ஒரு பெயர் தெரியவில்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு குட்டிப் பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"சார், அஞ்சுல ரெண்டு அரையை விடச் சின்னதுதானே? அரையோட இன்னொண்ணைக் கூட்டினோம். கூட்டினா எப்படி சார் குறையும்?"

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்பத்திரண்டாவது கேள்வியைப் பார்த்த அன்றைக்கு இருந்த அதே முகம். "அப்படிக் கேளு!" என்று கத்தினார். அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரே பாடம் அதுதான். மதிப்பெண் போடுகிறவள் குனிந்து கூட்டுத்தொகை போட்டுக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் அவள் எழுந்து வந்தாள். "எட்டு மாசமா நீங்கதானே சார் இந்த வகுப்பு எடுக்கறீங்க?"

"ஆமா மேடம்."

"ஒரு பிள்ளை பேர்கூட உங்களுக்குத் தெரியல."

இவர் தலையைத் திருப்பி வராந்தாவில் நின்ற என்னைப் பார்த்தார். பிள்ளைகளும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"மறதி மேடம்" என்றார்.

ஐம்பதுக்குப் பதினாலு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் கேட்டேன். "ஏன் உண்மையைச் சொல்லல நீங்க?"

"சொன்னா பதிவேட்டுல ஆறு வருஷமா யார் கையெழுத்துன்னு கேப்பாங்க. முதல்ல உன் வேலை போகும்."

"உங்க வேலை போனா?"

"இருந்தாத்தானே போறதுக்கு? நான் தற்காலிகம்." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். "அந்த மூணாவது பெஞ்சுப் பொண்ணுக்கு எவ்வளவு மூளை! அந்த மாதிரிப் பிள்ளைங்களை ஆறு வருஷமா என்னடி பண்ணின நீ?"

பதின்மூன்று வருடக் கல்யாணத்தில் அவர் என்னிடம் கோபமாகக் கேட்டது அது ஒன்றுதான். சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

கோடை விடுமுறையில் பத்தாவது தாள் வரவில்லை. அதற்குப் பதிலாக ஆய்வின் சுருக்கம் வந்தது. போட்டித் தேர்வு வழியாக வந்தவர்கள் வகுப்பறையில் சிறந்து விளங்குகிறார்களாம். தற்காலிகமாக வந்தவர்கள் பாடத்தை விட்டு விலகிப் போகிறார்களாம், பிள்ளைகளோடு அவர்களுக்கு ஒட்டுதல் இல்லையாம். அதன் கூடவே, வேலை புதுப்பிக்கப்படாதவர்களின் உத்தேசப் பட்டியல். நான்காவதாக இவர் பெயர். நான் கணக்கு டீச்சர் அல்லவா, அட்டவணைகளைப் பேனா வைத்துச் சரி பார்த்தேன். கூட்டலில் ஒரு பிழை கிடையாது. நான் கொடுத்த எண்களை வைத்து எவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டிருக்கிறாள் அந்தப் பெண்! மற்றப் பள்ளிகளில் எத்தனை அலமாரிக் கதவுகளோ, எனக்குத் தெரியாது. ஒருவேளை அங்கெல்லாம் அது உண்மையாகவே இருக்கலாம்.

எனக்கு வேறொரு கடிதம் வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் 'என் வகுப்பறை' என்ற தலைப்பில் நான் பேச வேண்டுமாம். கோபத்தில் கடிதத்தைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் வீட்டுக்கே போனேன்.

"சார், நான் எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அம்மா, நான் ரிட்டயர் ஆக நாலு மாசம் இருக்கு. வீட்டுக்குள்ளயே மாத்திக்கிட்டது இது. வீட்டுக்குள்ளயே வெச்சுக்கக் கூடாதா? உங்க ஒருத்தர் சம்பளமாவது மிஞ்சும். யோசிங்க."

அவரிடம் யோசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கூட்டத்துக்குக் கிளம்பிய அன்று, அது புதன்கிழமை, இவர் வாசல்வரை வந்தார்.

"என்னத்தைப் பேசப் போற?"

"உள்ளதைப் பேசப் போறேன்."

போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ. "குடையை எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

கூடத்தில் எண்பது பேர் இருந்தார்கள். மேடையில் ஒரு அதிகாரி. ஓரத்தில் அந்த ஆய்வுக்காரப் பெண், அதே துணிப்பையோடு. என் பெயரை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, எடுத்த எடுப்பிலேயே சொன்னேன்.

"பத்து பி-யை நடத்தினது நான் இல்ல. என் வீட்டுக்காரர்."

முன் வரிசையில் ஒரு அம்மா "அடடா!" என்றார். ஒருவர் சிரித்தார். எங்கிருந்தோ கைதட்டல் கிளம்பி, கூடம் முழுக்கப் பரவிவிட்டது. அதிகாரி தன் மைக்கை இழுத்தார்.

"பாத்தீங்களா! இவ்வளவு பெரிய பேர் வாங்கியும் புருஷனை விட்டுக்கொடுக்காம பேசறாங்க. இந்தக் காலத்துல இது எத்தனை பேருக்கு வரும்?"

"இல்ல சார், நெஜமாவே அவர்தான். அதாவது..." என்று விளக்க ஆரம்பித்தேன். எங்கே ஆரம்பித்தேன் தெரியுமா? சுற்றறிக்கையின் எண்ணில். அதன் தேதி, அதன் மூன்றாவது பத்தி, அதில் நிரந்தரம் என்றால் என்ன, தற்காலிகம் என்றால் என்ன. அப்புறம் சுவர், அலமாரி, பென்சில், எட்டு டி, திரும்பவும் சுவர். முன் வரிசை செல்போனை எடுத்தது. பின் வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டார். எனக்கு நன்றாகப் பழக்கமான கொட்டாவி. வகுப்பில் எப்படிச் சொல்வேனோ அப்படியேதான் இதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். டீ வந்துவிட்டது என்று யாரோ சைகை காட்டினார்கள். அதிகாரி நன்றி சொன்னார். இன்னொரு தடவை கை தட்டினார்கள்.

டீ மேசையருகே அந்தப் பெண் என்னைத் தனியாக ஓரம் கட்டினாள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குப் புரிஞ்சுது டீச்சர். அன்னிக்கு எட்டு டி-ல நான் கேள்வி கேட்டப்போ பிள்ளைங்க எல்லாம் சாரைப் பாக்காம வராந்தாவில இருந்த உங்களைப் பாத்தாங்க. அப்பவே எனக்கு உறுத்துச்சு. நான் அதை விட்டிருக்கக் கூடாது."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"எழுதிக் குடுங்க" என்றாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். "ஒரு பக்கம் போதும். பட்டியல் வெள்ளிக்கிழமைதான் கையெழுத்தாகுது. சார் பேரை எடுக்கச் சொல்லி நானே போய் நிப்பேன். வாயால சொன்னதை வெச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"எழுதிக் குடுத்தா எனக்கு என்ன ஆகும்?"

"விசாரணை வரும். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். வேலையே போகலாம்."

தாளை வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எனக்கு ஒழுங்காக வருகிற ஒரே காரியம் எழுதுவது. எத்தனை படிவம், எத்தனை பட்டியல், எத்தனை பொய்க் கையெழுத்து, ஒன்றையாவது எழுதாமல் விட்டிருப்பேனா? அரை மணி நேரம் மேடையில் நின்று வாயால் சொன்னேனே, அதற்கு எனக்கு ஒரு செலவும் இல்லை. யாருக்கும் புரியாது என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்துதான் சொன்னேனோ? அவள் பேனாவையும் நீட்டினாள். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். பிறகு, அன்றைக்கு நாற்பத்திரண்டாவது கேள்வியை என்ன செய்தேனோ அதையே செய்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் தன் செல்போன் எண்ணைச் சொன்னாள். தலையாட்டினேன். குறித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. இவர் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"சொன்னியா?" என்றார் இவர்.

"சொன்னேன்."

"என்ன பண்ணினாங்க?"

"கை தட்டினாங்க."

களைந்த கை நின்றது. "ஒருத்தருக்காவது புரிஞ்சுதா?"

பையின் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இல்ல. ஒருத்தருக்கும் புரியல."

அவர் சிரித்தார். மனசு விட்டுச் சிரித்தார், கொஞ்சம்கூட விஷம் இல்லாமல். "நீ சொல்லி யாருக்கும்மா என்னிக்குப் புரிஞ்சிருக்கு!" என்றார். மாமியார்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அன்றைக்கு என்னை நம்பாத ஆள் நான் ஒருத்திதான்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசையருகே உட்கார்ந்தார். "சரி, விடு. நீ போய் அத்தனை பேர் முன்னாடி சொன்ன பாரு, அதுவே எனக்குப் போதும். திங்கட்கிழமை ஸ்கூல் தொறக்குது. பத்து பி-க்கு இனிமே நீதான் நிக்கணும். பிள்ளைங்க பாவம். தினமும் சாயங்காலம் அடுத்த நாள் பாடத்தை உனக்கு நான் சொல்லித் தர்றேன். வா, முதல் பாடம். ஒரு பேப்பர் எடு."

பேப்பர் தேடினேன். மேசையில் இல்லை, அலமாரியில் இல்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன்.

"நல்ல தாளா இருக்கே" என்று மடிப்புகளை உள்ளங்கையால் நீவி விட்டார். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார், நூல் பிடித்த மாதிரி. இடது பாதியில் ஒரு கணக்கை எழுதிவிட்டுப் பென்சிலை என் கையில் கொடுத்தார்.

"தப்பா போட்டாலும் பரவால்ல, போடு."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் ஒரு தப்பும் இல்லாமல் போட்டுக் காட்டினேன்.